மார்க் 86, ஆனா கிரெடிட் ஜீரோ!! டெக்சாஸ் ஹைஸ்கூல் பேரண்ட்ஸ் யாராச்சும் விளக்குங்க

நெல்லை_செல்வம்:

வணக்கம் மக்களே. டல்லாஸ் பக்கம் இருக்கோம், பையன் நைந்த் கிரேடு. நவம்பர்ல மாமனாருக்கு திடீர்னு பைபாஸ் பண்ணணும்னு சொல்லிட்டாங்க, வீட்டம்மா ஒரே பொண்ணு, வேற வழியில்லாம தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்னாடியே குடும்பத்தோட கிளம்பி ஊருக்குப் போயிட்டோம். ஜனவரில ஸ்கூல் திறந்து ஒரு வாரம் கழிச்சுதான் திரும்பி வந்தோம். போறதுக்கு முன்னாடி ஸ்கூல்ல சொல்லிட்டுத்தான் போனோம், ஃபைனல்ஸ் வந்து எழுதிக்கலாம்னாங்க, அவனும் வந்து எழுதிட்டான்.

இப்ப என்னன்னா கவுன்சிலர் கிட்டருந்து லெட்டர். போர்ட்டல்ல போய்ப் பாத்தா பயாலஜி 86னு இருக்கு, அதுக்குப் பக்கத்துல கிரெடிட் (கிராஜுவேட் ஆகச் சேக்க வேண்டிய பாயின்ட்) 0.0. இங்கிலீஷ் 91, அதுக்கும் 0.0. பாஸ் பண்ண எல்லா சப்ஜெக்ட்டும் இப்படித்தான். மார்க் வாங்கிட்டான்ல, அப்புறம் எப்படி கிரெடிட் இல்லாம போகும்? கேட்டா "ஸ்டேட் லா சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது"ங்கறாங்க.

இதுல வேர்ல்ட் ஜியாக்ரஃபி மட்டும் 68. அந்த டீச்சர் நாங்க ஊர்ல இருந்தப்ப குடுத்த ரெண்டு அசைன்மென்ட்டுக்கு ஜீரோ போட்டு வச்சிருக்காங்க. பக்கத்து ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல படிக்கிற ஃபிரண்டு பையனுக்கு 50க்கு கீழ போடவே மாட்டாங்களாம். ஒரே ஸ்டேட்தானே, ஊருக்கு ஒரு ரூலா? மார்க்கை மாத்தச் சொல்லி பிரின்சிபால் கிட்ட பேசலாமா? மண்டை காயுது.

கூடவே ட்ரூயன்சின்னு (அனுமதி இல்லாம மட்டம் போடுறது) ஒரு வார்னிங் லெட்டரும் வந்திருக்கு. கோர்ட்டுக்கெல்லாம் இழுப்பாங்களா?

ஹூஸ்டன்_முரளி:

செல்வம் சார் முதல்ல மாமனார் எப்படி இருக்கார்?

டென்ஷன் ஆகாதீங்க, இது வருஷா வருஷம் ஜனவரில நம்ம ஆளுங்க வீட்டுல நடக்குற கதைதான். மார்க் வேற, கிரெடிட் வேறங்க. மார்க் டீச்சர் குடுக்குறது. கிரெடிட்டுக்கு மார்க்கோட இன்னொரு கண்டிஷனும் உண்டு. டெக்சாஸ் எஜுகேஷன் கோடுல 25.092னு ஒரு செக்‌ஷன், அந்த கிளாஸ் நடந்த நாள்ல 90 சதவீதம் வந்திருக்கணும், இல்லன்னா கிரெடிட் கிடையாது, நீங்க நூத்துக்கு நூறு வாங்கியிருந்தாலும் சரி. செமஸ்டர் சுமார் 85 நாள்னு வச்சுக்கிட்டா 8 நாள் வரைக்கும்தான் தாங்கும். பிளாக் ஷெட்யூல், ஒருநாள் விட்டு ஒருநாள் கிளாஸ்னா இன்னும் மோசம், ஒரு சப்ஜெக்ட்ல 4 கிளாஸ் வரைக்கும்தான், அஞ்சாவது போனா முடிஞ்சுது.

நிறைய பேர் ஏமாறுற இடம் இதுதான். "எக்ஸ்க்யூஸ்டு ஆப்சென்ட்தானே, நோட் குடுத்துட்டோமே"ன்னு நினைப்பாங்க. ஸ்கூல் எக்ஸ்க்யூஸ் பண்ணினாலும் இந்த 90 சதவீத கணக்குல அது ஆப்சென்ட்தான். சட்டத்துலயே பேர் சொல்லி விட்டிருக்குற சில லீவு மட்டும்தான் வந்த நாளா சேரும். மத விசேஷ நாள், கோர்ட்ல ஆஜராகுறது, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போயிட்டு அன்னிக்கே ஸ்கூலுக்குத் திரும்புறது, சிட்டிசன்ஷிப் பேப்பர் வேலைக்கு கவர்மென்ட் ஆபீஸ் போறது, ஓத் செரிமனி, இந்த மாதிரி. தாத்தா ஆபரேஷன் அதுல வராது. அதனால உடனே ஒண்ணு பாருங்க, தீபாவளிக்குப் பையன் லீவு போட்டானா? போட்டிருந்தா அதை ரிலிஜியஸ் ஹோலி டேன்னு மார்க் பண்ணியிருக்காங்களா இல்ல சும்மா பர்சனல்னு போட்டு வச்சிருக்காங்களான்னு அட்டெண்டன்ஸ் கிளர்க் கிட்ட கேளுங்க. ஏதாச்சும் நாள்ல பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்து முழு ஆப்சென்ட் விழுந்திருந்தா அதையும் டாக்டர் நோட் குடுத்து சரி பண்ணலாம். ஒண்ணு ரெண்டு நாள் குறைஞ்சாலும் ஒரு சப்ஜெக்ட் தப்பிக்கும்.

அடுத்தது முக்கியம், "நாங்க ஒண்ணும் பண்ண முடியாது"ங்கறது தப்பு. அதே செக்‌ஷன்லயே வழி இருக்கு. 75க்கு மேல 90க்கு கீழ வந்திருந்தா பிரின்சிபால் விட்டதை ஈடு பண்ண ஒரு பிளான் போட்டுக் குடுக்கலாம், அதை முடிச்சா கிரெடிட் திரும்ப வரும். 75க்கும் கீழ போனா, இல்ல பிளானை முடிக்கலன்னா அட்டெண்டன்ஸ் கமிட்டிக்கு பெட்டிஷன். அந்த கமிட்டில மெஜாரிட்டி டீச்சருங்கதான் இருக்கணும்னு சட்டம். அவங்களும் மாட்டேன்னா ஸ்கூல் போர்டுக்கு அப்பீல், அதுக்கும் மேல டிஸ்ட்ரிக்ட் கோர்ட் வரைக்கும் போகலாம், ஆனா அவ்ளோ தூரம் போன ஆளை நான் பாத்ததில்ல. உங்க கேஸ் எனக்குத் தெரிஞ்சு 80 சொச்சத்துல நிக்கும், பிளானோட முடிஞ்சுரும்.

ட்ரூயன்சி தனிக் கதை. அது அன்எக்ஸ்க்யூஸ்டு ஆப்சென்ட் மட்டும், ஆறு மாசத்துக்குள்ள 10 நாளோ அதுக்கு மேலயோ. 2015ல சட்டத்தை மாத்தி கிரிமினல்ல இருந்து சிவில் ஆக்கிட்டாங்க. லெட்டர் சிஸ்டமே தானா அனுப்புறது. ஆஸ்பத்திரி பேப்பர், டிக்கெட் காப்பி எல்லாம் குடுத்து எக்ஸ்க்யூஸ்டுன்னு மாத்தச் சொல்லுங்க, மாத்துறது ஸ்கூல் கையில இருக்கு, பெரும்பாலும் மாத்திருவாங்க.

கோவை_குசும்பன்:

தப்பா எடுத்துக்காதீங்க, மனசுல பட்டதைச் சொல்லிடறேன். மாமனாருக்கு முடியலன்னா வீட்டம்மா போகணும், சரி. ஹைஸ்கூல் பையனை எதுக்குங்க அத்தனை வாரம் கூட்டிட்டுப் போனீங்க? நீங்க இங்கயே இருந்து பாத்திருக்கலாமே. நம்மாளுங்க டிசம்பர் டிக்கெட் விலை ஏறும்னு நவம்பர்லயே கிளம்பிடறது, அப்புறம் ஸ்கூல்காரன் மேல கோவம். எலிமென்டரில பண்ணினது இங்க செல்லாது, நைந்த்ல இருந்து எல்லாமே டிரான்ஸ்கிரிப்ட்ல ஏறும்.

நெல்லை_செல்வம்:

@கோவை_குசும்பன் சார், டிக்கெட் விலைக்காக யாரும் பைபாஸ் பண்ணிக்க மாட்டாங்க. எனக்கு ஆபீஸ்ல லீவு கிடைச்சு நான்தான் ஆஸ்பத்திரில ராத்திரி இருந்தேன், பையனை யார்கிட்ட விட்டுட்டுப் போறது? விடுங்க.

@முரளி சார் மாமனார் இப்ப வீட்டுக்குள்ள நடக்குறார், கேட்டதுக்கு நன்றி. தீபாவளிக்கு லீவு போட்டான், "ஃபேமிலி"ன்னு எழுதிக் குடுத்த ஞாபகம். நாளைக்கே கேக்கறேன். அந்த 68க்கு யாராச்சும் சொல்லுங்களேன்.

ராஜி_மேத்ஸ்:

நான் இங்க டெக்சாஸ்லதான் பப்ளிக் ஸ்கூல்ல அல்ஜீப்ரா எடுக்கறேன், டீச்சர் பக்கத்துல இருந்து சொல்றேன் தம்பி.

மார்க்கை மாத்தச் சொல்லி நேரா பிரின்சிபால் கிட்ட போகாதீங்க. 28.0214னு ஒரு செக்‌ஷன் இருக்கு, டீச்சர் போட்ட கிரேடு ஃபைனல். அதை மாத்தணும்னா மூணுல ஒரு காரணம் வேணும், கிரேடு காரணமே இல்லாம இஷ்டத்துக்குப் போட்டதா இருக்கணும், இல்ல கணக்குத் தப்பா இருக்கணும், இல்ல அந்த டிஸ்ட்ரிக்டோட கிரேடிங் பாலிசிக்கு ஒத்து வராததா இருக்கணும். அதையும் முடிவு பண்றது ஸ்கூல் போர்டு, போர்டு சொன்னா சொன்னதுதான், அதுக்கு மேல அப்பீல் கிடையாது. "பாவம் பையன், தாத்தாவுக்கு உடம்பு சரியில்ல"ங்கறது இந்த மூணுலயும் வராது. பிரின்சிபாலுக்கு இரக்கம் இருந்தாலும் கை கட்டிப் போட்டிருக்கு.

ஆனா மூணாவது காரணம் இருக்கு பாருங்க, பாலிசிக்கு ஒத்து வராததுன்னு, உங்க பிடி அங்கதான். ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் ஸ்கூல் வருஷம் தொடங்குறதுக்கு முன்னாடியே கிரேடிங் பாலிசி எழுதி வச்சாகணும், இது 28.0216. டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்ல போர்டு பாலிசி மேனுவல்னு இருக்கும், அதுல ஈஐஏ லோக்கல்னு தேடுங்க, கிரேடிங் அங்க இருக்கும். அட்டெண்டன்ஸுக்கு எஃப்ஈசி. லீகல்னு போட்டிருக்குறது ஸ்டேட் சட்டம், எல்லா ஊர்லயும் ஒண்ணுதான், லோக்கல்னு போட்டிருக்குறது அவங்கவங்க எழுதினது. ஊருக்கு ஒரு ரூலான்னு கேட்டீங்கல்ல, ஆமா, லோக்கல் அளவுல ஊருக்கு ஒரு ரூல்தான். அதுக்கு மேல கிரேடிங் கைட்லைன்ஸ்னு தனியா ஒரு பிடிஎஃப் இருக்கும், ஆப்சென்ட் ஆன பிள்ளைக்கு மேக்கப் ஒர்க்குக்கு எத்தனை நாள், லேட்டா குடுத்தா எவ்வளவு கழிக்கலாம், ஃபெயில் ஆன டெஸ்டை திரும்ப எழுத விடணுமா, விட்டா அதிகபட்சம் 70தானா, எல்லாம் அதுலதான் இருக்கும். மேக்கப்புக்கு இத்தனை நாள்னு எழுதியிருந்து அந்த நாள் முடியறதுக்குள்ள ஜீரோ போட்டிருந்தா உங்க பக்கம் நியாயம் இருக்கு. நாள் முடிஞ்சப்புறமும் பையன் குடுக்கலன்னா ஜீரோ ஜீரோதான்.

50 விஷயம். 2009ல ஸ்டேட்ல சட்டம் போட்டாங்க, பிள்ளை செஞ்ச வேலையோட தரத்தைப் பாக்காம இதுக்குக் கீழ மார்க் போடக்கூடாதுன்னு டிஸ்ட்ரிக்ட் எந்த டீச்சரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அசைன்மென்ட்டுக்கு மட்டும்தான் இந்த சட்டம், ரிப்போர்ட் கார்டுக்கு இல்லன்னு ஹூஸ்டன் பக்கம் சில டிஸ்ட்ரிக்ட்டுங்க கேஸ் போட்டுப் பாத்தாங்க, 2010ல ஆஸ்டின் கோர்ட்ல தோத்துட்டாங்க. ஆனா ஒரு டீச்சர் தானா விரும்பி 50 போட்டா சட்டம் தடுக்காது. உங்க ஃபிரண்டு பையனுக்கு அப்படி ஒரு டீச்சர் வாய்ச்சிருப்பாங்க. நான் போடமாட்டேன், ஆனா திரும்ப எழுத விடுவேன். ஒண்ணுமே குடுக்காதவனுக்கு 50 போட்டா கஷ்டப்பட்டு 55 வாங்கினவன் முகத்துல எப்படி முழிக்கிறது.

டீச்சருக்கு மெயில் போடுங்க, பிரின்சிபாலை சிசி போடாம. ரெண்டு அசைன்மென்ட் பேரையும் டியூ டேட்டையும் குறிப்பிட்டு, பையன் செஞ்சு குடுத்தா எடுத்துப்பீங்களான்னு கேளுங்க, அவ்ளோதான். சிசில பிரின்சிபால் பேரைப் பாத்த உடனே எந்த டீச்சருக்கும் மனசு இறுகிரும், எனக்கும்தான்.

ஜெர்சி_பாலா:

நியூ ஜெர்சில இருந்து எட்டிப் பாக்கறேன். எங்க ஊர்ல கணக்கே வேற, கிராஜுவேட் ஆக 120 கிரெடிட். டெக்சாஸ் ஃபிரண்டு கிட்ட சொன்னா மயக்கம் போட்டுட்டான், அவங்க ஊர்ல 26தானே. வேற ஒண்ணும் இல்ல, இங்க வாரத்துக்கு ஒரு பீரியட், குறைஞ்சது 40 நிமிஷம், வருஷம் பூரா நடந்தா ஒரு கிரெடிட், தினமும் நடக்குற கிளாஸ்னா அஞ்சு. அங்க வருஷம் பூரா ஒரு கிளாஸ்னா ஒண்ணு, செமஸ்டருக்கு அரை. நடுவுல ஸ்டேட் மாறினா டிரான்ஸ்கிரிப்ட்டைப் பாத்து பயப்படாதீங்க, அவங்களே மாத்திப் போட்டுப்பாங்க.

இங்க கிளாஸ்ல உக்காந்த நேரத்தைக் கணக்குப் பண்ணாமலும் கிரெடிட் குடுக்கலாம்னு ஆப்ஷன் டூன்னு ஒண்ணு ஸ்டேட் ரூல்லயே இருக்கு, என் பொண்ணு சம்மர்ல அப்படித்தான் எடுத்தா. டெக்சாஸ்ல அந்த மாதிரி ஒண்ணும் இல்லையா?

ஹூஸ்டன்_முரளி:

இருக்கு பாலா, கிரெடிட் பை எக்ஸாம். செல்வம் சாருக்கும் இது உதவலாம். ரெண்டு வகை. அந்தப் பாடத்தை கிளாஸ்ல உக்காந்து படிக்காமலே எழுதித் தாண்டணும்னா 80 வேணும். ஏற்கனவே படிச்சிருந்து கிரெடிட் மட்டும் கிடைக்கலன்னா 70 போதும். எக்ஸாம் பேப்பர் யூடி ஆஸ்டின், டெக்சாஸ் டெக் ரெண்டு யூனிவர்சிட்டியும் குடுக்குறாங்க. பிளான் போட்டுத் தராம இழுத்தடிச்சா அட்டெண்டன்ஸ் கமிட்டி கிட்ட, எக்ஸாம் எழுதி கிரெடிட் வாங்கிக்கலாமான்னு கேளுங்க, நிறைய டிஸ்ட்ரிக்ட் பாலிசில இதுக்கு இடம் இருக்கு. ஒரே கோர்ஸுக்கு சும்மா சும்மா எழுத முடியாது, படிக்காம எழுதுற வகைன்னா ரெண்டு தடவைதான். பாலிசி மேனுவல்ல ஈஎச்டிபி, ஈஎச்டிசின்னு ரெண்டு பாருங்க.

நம்ம ஆளுங்க எய்ட்த் கிரேடு பிள்ளைங்களை சம்மர்ல 80 எடுக்க வச்சு ஜியோமெட்ரியைத் தாண்ட விடறதுக்கு இதைத்தான் யூஸ் பண்றாங்க. அது நல்லதா கெட்டதான்னு பேச ஆரம்பிச்சா இந்தத் திரெட் முடியாது.

நெல்லை_செல்வம்:

ராஜி அக்கா, முரளி சார், ரொம்ப நன்றி. அப்டேட். கிளர்க்கம்மா தீபாவளியை மாத்திட்டாங்க, அதுல ஒரு நாள்தான் குறைஞ்சுது, சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. எல்லாமே 82, 83 சதவீதத்துல நிக்குது, அதனால பிளான்தான். அசிஸ்டன்ட் பிரின்சிபாலோட மீட்டிங் குடுத்திருக்காங்க. சனிக்கிழமை ஸ்கூல், சாயந்திரம் டுட்டோரியல்னு மணிக்கணக்கு சொல்றாங்க.

ஜியாக்ரஃபி டீச்சர் ஒரு அசைன்மென்ட் மட்டும் எடுத்துக்கறேன்னாங்க, ஆனா செமஸ்டர் கிரேடு போட்டு மூடிட்டதால மாத்த ஃபார்ம் போடணுமாம், வருமா வராதான்னு தெரியல. வராம 68லயே நின்னா அந்த அரை கிரெடிட் போனது போனதுதானா? இன்னொண்ணு, பையன் ஆர்கெஸ்ட்ராவுல இருக்கான், ஸ்பிரிங்ல காம்பெடிஷன். 70க்கு கீழ இருந்தா போக முடியாதுன்னு பயந்துட்டு இருக்கான். அப்புறம் பயாலஜி கிரெடிட் நிறுத்தி வச்சிருக்கப்ப ஸ்பிரிங்ல ஸ்டார் எக்ஸாம் எழுத விடுவாங்களா?

ராஜி_மேத்ஸ்:

கடைசிக் கேள்வியை முதல்ல முடிச்சுடறேன். ஸ்டார் ஈஓசி, அதாவது கோர்ஸ் முடிவுல ஸ்டேட் வைக்கிற எக்ஸாம், தனி. அல்ஜீப்ரா 1, இங்கிலீஷ் 1, இங்கிலீஷ் 2, பயாலஜி, யூஎஸ் ஹிஸ்டரின்னு அஞ்சு இருக்கு, கிராஜுவேட் ஆக அது தேவை. இப்ப நிறுத்தி வச்சிருக்குற ஃபால் கிரெடிட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, கிளாஸ்ல இருக்கான்ல, எழுதுவான். ஆனா இதைத் திருப்பியும் சொல்லணும், ஈஓசி பாஸ் பண்ணிட்டான்ங்கறதுக்காக கோர்ஸ் கிரெடிட்டைக் குடுத்துற மாட்டாங்க.

68க்கு வருவோம். ஸ்டேட் ரூல்படி கிரெடிட்டுக்கு 70 வேணும், அதுல மாத்தம் இல்ல. ஆனா வருஷம் பூரா நடக்குற கோர்ஸ்னா ரெண்டு செமஸ்டரையும் கூட்டி ஆவரேஜ் 70 வந்தா முழு கிரெடிட் குடுக்குற டிஸ்ட்ரிக்ட் நிறைய. உங்க பாலிசில அப்படி இருந்தா ஸ்பிரிங்ல 72 எடுத்தா போதும், ரெண்டு அரையும் கைக்கு வந்துரும். 72ன்னு அவன் கிட்ட சொல்லாதீங்க, சரியா 72ல கொண்டு வந்து நிறுத்துவான், என் கிளாஸ் பசங்களைப் பாத்துச் சொல்றேன். இந்த ஆவரேஜ் ஒரே ஸ்கூல் வருஷத்துக்குள்ள மட்டும்தான் செல்லும்னு சில இடத்துல இருக்கும், அதையும் பாத்துக்கோங்க.

ஆர்கெஸ்ட்ரா. நோ பாஸ் நோ பிளேன்னு 1984ல இருந்து இருக்கு, தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையில கமிட்டி போட்டு ஸ்கூல் சட்டத்தையே புரட்டிப் போட்டாங்க பாருங்க, அந்த வருஷம். கிரேடிங் பீரியட் முடிவுல ஒரு சப்ஜெக்ட்ல 70க்கு கீழ போனா குறைஞ்சது மூணு வாரம் போட்டில வாசிக்க முடியாது. பிராக்டிஸ் போகலாம், சட்டம் அதைத் தடுக்கல. மூணு வாரம் கழிச்சு பாப்பாங்க, எல்லா சப்ஜெக்ட்லயும் 70 இருந்தா திரும்ப சேத்துப்பாங்க. ஸ்பிரிங் காம்பெடிஷன் எப்பன்னு சொல்லலையே, பிப்ரவரி கடைசிக்கு மேலன்னா இப்பவே ஜியாக்ரஃபில ஒழுங்கா உக்காந்தா போதும். கிரெடிட் பை எக்ஸாம் எழுதி இதைச் சரி பண்ணிரலாம்னு மட்டும் நினைக்காதீங்க, போட்டித் தகுதிக்கு அது செல்லாதுன்னு நிறைய பாலிசில எழுதியே வச்சிருப்பாங்க.

மீட்டிங்ல ஒரு விஷயம் விடாதீங்க. பிளானை எழுத்துல வாங்குங்க. எந்தெந்த சப்ஜெக்ட், ஒவ்வொண்ணுக்கும் எத்தனை மணி நேரம், யார் கையெழுத்து போடணும், எந்தத் தேதிக்குள்ள முடிக்கணும், முடிச்சா டிரான்ஸ்கிரிப்ட்ல அந்த 0.0 எப்ப 0.5 ஆகும், எல்லாம். சட்டத்துல சொல்றது கிளாஸோட பாடத் தேவையை பூர்த்தி பண்ணணும்னுதான், போன நாளுக்கு நாள் உக்காரணும்னு இல்ல. இங்கிலீஷ் 91, எல்லா ஒர்க்கும் குடுத்துட்டான், இதுக்கு எதுக்கு இத்தனை மணி நேரம்னு மரியாதையா கேளுங்க, குறைப்பாங்க. சில அசிஸ்டன்ட் பிரின்சிபாலுங்க எல்லாருக்கும் ஒரே ஃபார்மை நீட்டுவாங்க, கேக்கறவங்களுக்குத்தான் மாத்துவாங்க. சாட்டர்டே ஸ்கூல் ஷீட்ல கையெழுத்து வாங்கினதும் உடனே போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கச் சொல்லுங்க பையனை, அந்த ஷீட்டுங்க தொலையறதுக்குன்னே பிறந்தது.

பாலக்கரை_கீதா:

இடையில ஒரு சின்ன டவுட், தப்பா நினைக்காதீங்க. என் பொண்ணு தமிழ்ப்பள்ளி ஏழு வருஷமா போறா, கிராஜுவேட் ஆக வேணும்ங்கற வேற்று மொழி ரெண்டு கிரெடிட்டை தமிழ்லயே வாங்கலாம்ங்கறாங்களே உண்மையா?

ஹூஸ்டன்_முரளி:

ஒரே மொழில ரெண்டு கிரெடிட் வேணும், ஸ்பானிஷ்தான்னு கட்டாயம் இல்ல. தமிழுக்கு உங்க டிஸ்ட்ரிக்ட் எக்ஸாம் ஒத்துக்குதா, தமிழ்ப்பள்ளி டிரான்ஸ்கிரிப்ட்டை எடுத்துக்குதான்னு எய்ட்த் கிரேடுலயே கவுன்சிலர் கிட்ட எழுத்துல கேட்டுருங்க, நைந்த் ஷெட்யூல் போட்டப்புறம் கேட்டா ஸ்பானிஷ் 1ல உக்கார வச்சுருவாங்க. தனித் திரெட்டா போடுங்க கீதா, நிறைய பேர் சொல்லுவாங்க.

செல்வம் சார், உங்க கிட்ட ஒண்ணு கேக்க மறந்தேன். ஜனவரில ஒரு வாரம் லேட்டா வந்தீங்கன்னு சொன்னீங்கல்ல? அது ஸ்பிரிங் செமஸ்டர் கணக்கு. அங்கயும் அதே 90 சதவீதம் புதுசா ஆரம்பிக்குது, ஏற்கனவே ஒரு வாரம் செலவாயிருச்சு. மே வரைக்கும் பையனுக்கு ரெண்டு மூணு நாளுக்கு மேல கையில இல்ல.

நெல்லை_செல்வம்:

ஐயையோ, அது வேற இருக்கா!! மார்ச்ல மச்சினன் கல்யாணம் அட்லாண்டாவுல, வெள்ளி திங்கள் ரெண்டு நாள் லீவு சொல்லலாம்னு இருந்தேன். வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டப்புறம் கிளம்புற ஃபிளைட்டுக்கு டிக்கெட்டை மாத்திட்டு வர்றேன், ஞாயிறு ராத்திரியே திரும்பிரலாம். வீட்டம்மாகிட்ட நீங்கதான் சொன்னீங்கன்னு சொல்லிருவேன், ஃபோன் வந்தா எடுக்காதீங்க :)